ஆணியில் மிஞ்சிய நூல்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் கொட்டகைக்கு வரலாம். பலகைத் தரையில் இரண்டு துளைகள் இருக்கின்றன. காபி கிடைக்காது, துளைகளைக் காட்டுவேன்.

பேயை நம்புகிற ஆள் இல்லை நான். மரத்தொழிலின் பாதுகாப்புக் கருத்தரங்குகளில் இருபத்திரண்டு வருடங்களாக முன்வரிசையில் உட்கார்ந்து எழுந்தவன். அதைவிட உயிரை எடுக்கும் எதையும் நான் பார்த்ததில்லை. போன டிசம்பர் வரை.

என் பெயர் ஆர்வின் ஹால்வர்சன். ஒலிம்பிக் மலைகளுக்குக் கீழே, ஹூட் கால்வாய்க் கரையில் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. மரம் ஏறுகிறவர்களின் கயிற்று முனையில் வளையம் பின்னிக் கொடுப்பது என் தொழில். முடிச்சு கிடையாது. கயிற்றின் வாலை மடக்கி, ஒரு முழத்துக்கும் மேலாக அதன் வயிற்றுக்குள்ளேயே குழல் ஊசியால் செருகிவிடுவேன். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் இறுகி, உள்ளே இருக்கும் வாலைக் கவ்விக்கொள்ளும். ஒரு காரைத் தொங்கவிட்டாலும் விடாது.

எடை இல்லாதபோதுதான் விடும். தொய்ந்து, காற்றில் ஆடி, உதறிக்கொண்டே கிடந்தால் பின்னல் தளரும். வால் ஒவ்வொரு விரலாக வெளியே நழுவும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் மெழுகு நூலால் குறுக்கே ஒரு தையல் போடுவது. பூட்டுத் தையல். ஐந்து நிமிட வேலை.

அதை மறக்காமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வேலை தொடங்கும் முன்பே, எத்தனை வளையமோ அத்தனை நூல் துண்டுகளை வெட்டி, மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிடுவேன். வேலை முடியும்போது ஆணி காலியாக இருக்க வேண்டும். காலியானால்தான் கயிறு கதவைத் தாண்டும்.

வாசலில் ஒரு பலகையும் வைத்திருந்தேன். 'இருபத்திரண்டு வருடங்கள். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.' பெரிய எழுத்து. மேலே வார்னிஷ். கருத்தரங்கு ஆசாமிகளைக் கிண்டலடித்துக்கொண்டே இப்படி ஒரு பலகையை எழுதி வைத்திருந்தவன் நான்.

திங்கட்கிழமை காலை சாட்விக் பெல் வந்தான். ஏதோ சங்கத்தில் உயரப் பாதுகாப்பு ஆலோசகர். உள்ளே வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. என் கொட்டகையின் உயரம் எட்டடி. கையில் ஒரு கேடயம் கொண்டுவந்திருந்தான். 'நம்பிக்கைக் கரங்கள்' விருதாம், எனக்கு. நான் வேலை செய்வதை வீடியோ எடுக்க வேண்டுமாம்.

அன்று மூன்று ஸ்லிங், அதாவது ஒரு முனையில் வளையம் வைத்த குட்டைக் கயிறுகள், பின்னிக்கொண்டிருந்தேன். மார்லிஸ் க்விக்குக்கு. மரம் வெட்டும் கம்பெனி அவளுடையது, மரம் ஏறுவது அவள் புருஷன் டெல்மர். அந்த ஸ்லிங்கை உச்சியில் மரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். அதன் வளையத்தில், நடுவில் துளையுள்ள ஓர் அலுமினிய வட்டு. வட்டுக்குள் ஓடும் கயிற்றில்தான் டெல்மர் தொங்குவான். இரண்டு ஸ்லிங் முடிந்துவிட்டன. மூன்றாவதை கேமராவுக்கு முன்னால் பின்னினேன். மார்லிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், கயிறுன்னா உங்களுக்கு என்ன சார்?" என்றான் பெல்.

நைலான் என்று சொல்லியிருக்கலாம். பாலியெஸ்டர் என்று சொல்லியிருந்தால் உண்மையாகவே இருந்திருக்கும்.

"கயிறுங்கறது ஒரு வாக்குறுதி, தம்பி."

"யோவ் ஆர்வின்," என்றாள் மார்லிஸ். "வாக்குறுதியைச் சீக்கிரம் முடிச்சுக் குடுய்யா. லாரி ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது."

பெல் கைதட்டினான். வளையத்தை இழுவைக் கருவியில் மாட்டி எடை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். அசையவில்லை. பிரமாதம் என்றான். கேடயத்தை எங்கே மாட்டுவது என்று சுற்றிப் பார்த்தான். மேசைக்கு மேலே, கேமராவுக்கு நேராக ஓர் ஆணி இருந்தது. அவனே மாட்டினான்.

மார்லிஸ் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனாள்.

புதன் சாயங்காலம் போன் செய்தாள். தபால் ஆபீசுக்குப் பின்னால் ஒரு டக்ளஸ் ஃபர் மரம், நுனி முறிந்து கூரைமேல் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டத்தான் இந்த ஸ்லிங்.

"தொண்ணூறு அடியில மாட்டியாச்சு. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, இறங்கிட்டோம். ஸ்லிங்கு மேலயே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் டெல்மர் ஏறுவான்."

"எந்த ஸ்லிங்?"

"வீடியோல வந்ததுதான். அதைத்தான் மாட்டுவேன்னு அடம். ராசியாம். அவன் மூஞ்சி வீடியோல வராதுன்னு யாராச்சும் சொல்லுங்கய்யா அவன்கிட்ட."

சிரித்தோம்.

வியாழன் முழுக்கப் புயல். பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. மதியம் போன் போயிற்று. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். குளிர் தாங்காமல் கொட்டகையிலேயே விறகடுப்புப் பக்கத்தில் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். டிசம்பரில் எங்கள் பக்கம் விடிய ஏழரைக்கு மேலாகும். வெளியே கும்மிருட்டு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹரிக்கேன் விளக்கை ஏற்றி, காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

5:38. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

சர்ர்ர்ர்...

எனக்கு முதுகுப்பக்கம். மெல்லிய சத்தம். பின்னலுக்குள்ளிருந்து வால் உருவிக்கொண்டு வருகிற சத்தம். வேறு எவனுக்கும் அது தெரியாது. நான் அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், பிழையான பின்னலைப் பிரிக்கும்போது.

உடனே...

தொப்.

கூரையில் கிளை விழுந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பினேன்.

கொட்டகையின் நடுவில் ஒருவர் நின்றார்.

கதவு கிறீச்சிடவில்லை. என் கதவு கிறீச்சிடாமல் திறக்காது. எண்ணெய் போடச் சொல்லி மனைவி ஆறு வருடங்களாகத் திட்டுகிறாள்.

இடுப்பில் மரம் ஏறுகிறவர்கள் மாட்டும் வார். காலில் மரத்தில் குத்தி ஏறும் இரும்பு முள். பழைய மாதிரிக் கம்பளிச் சட்டை. நாற்பது வயது இருக்கலாம். யாரோ ஏறுகிறவர், வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் கண்ட நேரத்தில் வருவார்கள்.

"கடை ஏழு மணிக்குத்தான்யா," என்றேன்.

"இதை வெட்டணும்."

அதில் அதிசயமில்லை. ஆயுள் முடிந்த கயிற்றை எங்கள் ஆட்கள் முழுசாகக் குப்பையில் போடமாட்டார்கள். எவனாவது எடுத்து ஏறிவிடுவான். என்னிடம் கொண்டுவருவார்கள். ஓரடி ஓரடியாக வெட்டிப் போடுவேன்.

அவர் ஒரு ஸ்லிங்கை மேசையில் வைத்தார். ஒரு முனையை மட்டும் விடவில்லை. வலது கை அதை முஷ்டியாகப் பிடித்திருந்தது.

"வெச்சுட்டுப் போங்க. காபி குடிக்கிறீங்களா?"



அப்போதுதான் கவனித்தேன். வெளியே அப்படி ஒரு மழை. அவர் சட்டை காய்ந்திருந்தது. தோளில் ஃபர் மரத்தின் ஊசியிலைகள். பச்சையாக, அப்போதுதான் உதிர்ந்தவை போல.

இன்னொன்றும்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையை அண்ணாந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கூரை மட்டும்தான் இருக்கிறது. அவர் பார்வை கூரையில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, ரொம்ப உயரத்தில் எதையோ பார்த்தது. கைவிட்டுப் போன ஒன்றைப் பார்ப்பது போல.

5:44.

ஸ்லிங்கை விளக்கடியில் இழுத்தேன். சாம்பல் நிறம். பாசி. வளையம் இல்லை. வால் முழுக்க வெளியே வந்துவிட்டிருந்தது. முனையில் என் லேபிள்.

எண் 37.

ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. எங்கள் தாத்தா நார்வேயிலிருந்து கொண்டுவந்த பழக்கம். இந்த ஊரில் ஏழாம் எண்ணை அப்படி எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை நான் பின்னியது எண் 4086.

"தையல் இல்ல," என்றார் அவர். மேலே பார்த்தபடியே.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் கோபம் வந்தது, அப்படிப்பட்ட ஆள் நான்.

"யோவ், என் பின்னலைப் பத்தி என்கிட்டயேவா? இருபத்திரண்டு வருஷமா..."

விரலால் தடவினேன். ஊசி ஏறிய துளை தேடினேன்.

ஒன்றுகூட இல்லை.

டப்!

கேடயம். ஆணியிலிருந்து கழன்று மேசையில் விழுந்தது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை.

நிமிர்ந்து ஆணியைப் பார்த்தேன்.

ஆணியில் ஒரு நூல் தொங்கியது.

சிவப்பு. திங்கட்கிழமை வெட்டிய நூல்.

ஒன்று.

மூன்று வெட்டினேன்... மூன்று ஸ்லிங்... ஒரு நூல் மிச்சம்.

கேமரா. வாக்குறுதி. கைதட்டல்.

திரும்பினேன்.

அவர் இல்லை.

5:51.

போனை எடுத்தேன். உயிர் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. தொண்ணூறு அடி உயரத்தில் அந்த ஸ்லிங் முப்பத்தாறு மணி நேரமாகப் புயலில் உதறிக்கொண்டு கிடக்கிறது. எடை இல்லாமல். டெல்மர் ராசி பார்த்து மாட்டிய ஸ்லிங்.

6:02-க்கு வண்டியை எடுத்தேன். பதினான்கு மைல்.

6:20. சாலைக்குக் குறுக்கே ஒரு சிடார் மரம் விழுந்து கிடந்தது. மார்பளவு தடிமன். வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் ரம்பத்தை இயக்கினேன். வெட்டு. உருட்டு. வெட்டு. கை மரத்துப்போயிற்று. பெட்ரோல் ஊற்ற ரம்பத்தை நிறுத்தியபோது...

சர்ர்...

இருட்டில். எனக்கு மேலே எங்கோ.

நிமிர்ந்து பார்க்கவில்லை. ரம்பத்தை இழுத்து இயக்கினேன்.

7:31-க்கு வழி கிடைத்தது. 7:46-க்குத் தபால் ஆபீஸ்.

லேசாக வெளுத்திருந்தது. மார்லிஸ் கயிற்றின் கீழ்முனையைப் பிடித்து நின்றாள். டெல்மர் இடுப்பு வாரை மாட்டி, தரையிலிருந்து ஆளுயரத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு தரம் குதித்துப் பார்த்தான். அது அவன் வழக்கம். கயிறு கிண்ணென்று நின்றது.

எடை இருக்கும்போது விடாது.

"அட, அவார்டு வாங்கின ஐயா வந்திருக்காரு!" என்றான் டெல்மர். "என்ன பெருசு, வேடிக்கை பாக்க வந்தியா?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. என்ன சொன்னேன் தெரியுமா?

"சும்மா... ஸ்லிங்கை ஒரு தரம் பாத்துக்கலாமேன்னு வந்தேன்."

"பதினாலு மைலு சும்மா வந்தியாக்கும்?" என்றாள் மார்லிஸ். "ரெண்டு பேரும் தொங்கிப் பாத்தாச்சு. மலை மாதிரி நிக்குது. வெலகுய்யா, வெளிச்சம் கம்மி, நேரமும் கம்மி."

டெல்மர் ஏறத் தொடங்கினான். ஒரு எட்டு. இரண்டு. பத்தடி.

என் வாய் திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒருவன் உயிர் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நான் என் பலகையின் வார்னிஷை நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பதினைந்தடி.

சர்ர்...

இந்தத் தடவை காதுக்குப் பக்கத்திலேயே.

"தையல் போடலடா!" என்று கத்தினேன். "நான் தையல் போட மறந்துட்டேன்! இறங்குடா டெல்மர்! தையலே இல்ல!"

மார்லிஸின் முகம் வெளுத்தது.

"இறங்கு," என்றாள். சத்தமே வராமல். பிறகு சத்தமாக. "டெல்மர், இறங்கு. குதிக்காத. மெதுவா. எடையை விடாம இறங்கு."

அவன் ஏதோ வேடிக்கை சொல்ல வந்து, அவள் குரலைக் கேட்டு நிறுத்தினான். இறங்கினான். கயிறு கடைசிவரை கிண்ணென்று நின்றது. கால் தரையில் பட்டது. இடுப்பு வாரைக் கழற்றிக்கொண்டு விலகினான்.

மார்லிஸ் கயிற்றைத் தொய்யவிட்டாள். இரண்டு கையாலும் ஓங்கி உதறினாள். ஒரு தரம். இரண்டு தரம்.

மூன்றாம் தரம்...

சர்ர்ர்ர்...

தொப்.

அலுமினிய வட்டு. டெல்மர் நின்ற இடத்தில், சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அதன் மேலே கயிறு சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது.

7:56.

மார்லிஸ் குனிந்து வட்டை எடுத்தாள். சேற்றோடு என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"வீட்டுக்குப் போய்யா," என்றாள். "இனிமே இந்தப் பக்கம் உன் கயிறு வரக்கூடாது."

டெல்மர் லாரிப் படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

10:40-க்குக் கொட்டகைக்குத் திரும்பினேன். எண் 37 மேசையிலேயே கிடந்தது. தரையைப் பார்த்தேன். இரும்பு முள் பதிந்த துளைகள், இரண்டே இரண்டு. அவர் நின்ற இடத்தில். மூன்று விரற்கடை ஆழம், அந்தக் கனமான பலகையில். சும்மா நிற்பவன் கால் அந்த ஆழத்துக்குப் பதியாது. வாசலிலிருந்து அந்த இடம்வரை ஒரு கீறலும் இல்லை.

நடந்து வந்தவர் இல்லை. மேலிருந்து வந்தவர்.

பழைய நோட்டை எடுத்தேன். நான் தொழில் தொடங்கிய முதல் வருடம். எண் 37: ஏமஸ் ரோஸ்விக், ஊர் ஹோக்வியம். நவம்பர். பக்கத்தில் ஒரு போன் நம்பர். அந்தக் காலத்தில் ஆணிப் பழக்கம் எனக்கு இல்லை. ஞாபகத்தை நம்பினேன். அப்போது எனக்கு நல்ல ஞாபகம், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போனுக்கு உயிர் வந்தது. 6:15-க்கு அந்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

"ஏமஸ் ரோஸ்விக் இருக்காரா?"



"அவர் போய் இருபத்திரண்டு வருஷமாச்சு. நீங்க யாரு?"

"கயிறு பின்றவன்."

"ஓ," என்றார். "டிசம்பர்ல. மரத்துல இருந்து விழுந்துட்டாரு. அவரே சரியாக் கட்டலைன்னு எழுதிட்டாங்க. அவர் தப்பாம். இருபது வருஷமா ஏறினவரு, கட்டத் தெரியாதாம். நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? விட்டுட்டேன்."

இதுவரை ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

"அம்மா," என்றேன். "அவர் தப்பில்ல. என் தப்பு. நான் தையல் போடல. அந்த ஸ்லிங் இப்ப என் முன்னாலதான் இருக்கு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். எழுதித் தர்றேன்."



"எந்த ஸ்லிங்?"

"அவர் ஏறினது. எண் 37."

"இருக்காதுங்க."

"என் லேபிள் இருக்கும்மா. என் கையெழுத்து."

"இருக்கவே இருக்காது," என்றார். குரல் மாறியிருந்தது. "அவர் விழுந்தப்ப அதோட முனையை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. வலது கை. எவ்வளவோ பாத்தோம், விரலைப் பிரிக்க முடியல. கடைசியில அப்படியே... கயிறோடவே பெட்டியில வெச்சு மூடினோம். நான்தான் சுருட்டி அவர் நெஞ்சு மேல வெச்சேன்."

அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி. வாசல் பலகையை அடுப்பில் போட்டேன். கேடயத்தையும். வார்னிஷ் நன்றாக எரிந்தது.

எண் 37 மட்டும் மேசையில் இருக்கிறது. வெட்டச் சொல்லித்தானே கொண்டுவந்தார். நான்கு முறை கத்தரியை எடுத்தேன்.

நான்கு முறையும் அதே கதை. கத்தரியின் வாய் கயிற்றில் பட்டதும், மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும் அந்த மறுமுனை...

மெதுவாக இறுகுகிறது.

யாரோ பிடித்திருக்கிறார்கள்.